குப்பை விதியும் ஈயின் நாட்காட்டியும்

உணவுக் கழிவு சேரும் ஓர் இடத்தில் ஈத்தொல்லை என்று புகார் வந்தால், அனுபவமுள்ள சுகாதார ஆய்வாளர் பறக்கும் ஈக்களை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குப்பைத் தொட்டியைச் சற்றே சாய்த்து, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். தொட்டிக்கும் தரைக்கும் இடையே கசிந்து தேங்கிய கரும்பழுப்பு நீர், அதன் ஓரத்தில் நெளியும் வெண்புழுக்கள், சற்றுத் தள்ளி உலர்ந்த மண்ணிலோ சுவர் வெடிப்பிலோ சிறு விதைகளைப் போலக் கிடக்கும் செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கண்டால், அந்த இடம் எத்தனை நாட்களாகச் சரிவரத் துப்புரவு செய்யப்படவில்லை என்பதை அவரால் ஏறத்தாழச் சொல்லிவிட முடியும். கண்முன் பறக்கும் ஈ, போன வாரம் அள்ளப்படாத குப்பையில் பிறந்தது. இன்று தொட்டிக்கடியில் நெளிவது அடுத்த வாரம் பறக்கப்போவது.

குப்பை பற்றிய உள்ளாட்சித் துணைவிதிகளை மேலோட்டமாகப் படிப்பவருக்கு அவை சில்லறைக் கட்டளைகளின் அடுக்காகவே தோன்றும். தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். தொட்டி நீர் கசியாததாக இருக்க வேண்டும். உணவுக் கழிவை நீர் வடித்துச் சுற்றிப் போட வேண்டும். இத்தனை நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. சாணத்தைத் திறந்த வெளியில் குவிக்கக் கூடாது. கிடங்கில் கொட்டியதை அன்றன்றே மண்ணிட்டு மூட வேண்டும். இந்த எண்களும் நிபந்தனைகளும் ஏதோ ஓர் அலுவலரின் மனம்போன போக்கில் எழுதப்பட்டவை என்று எண்ணத் தோன்றுவது இயல்பே. உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை வீட்டு ஈயின் வளர்ச்சிக் கணக்கை ஒட்டி அமைந்தவை. அந்தக் கணக்கு தெரிந்தால்தான், எந்த விதி வேலை செய்யக்கூடியது, எது ஏட்டில் மட்டும் இருப்பது என்பது விளங்கும்.

மஸ்கா டொமெஸ்டிகா என்னும் வீட்டு ஈயின் பெண் ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டைகள் வரை இடும். வாழ்நாளில் இவ்வாறு ஐந்தாறு தடவைகள் இடக்கூடும். ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள அந்த வெண்ணிற முட்டைகள், வெப்பமான சூழலில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடுகின்றன. வெளிவரும் புழு அழுகும் ஈரப்பொருளைத் தின்று மூன்று பருவங்களாக வளர்கிறது. உகந்த வெப்பத்தில் இவ்வளர்ச்சி 4 முதல் 13 நாட்களில் முடியும். 12 முதல் 17 பாகை செல்சியசு வரையான குளிரில் 14 முதல் 30 நாட்கள் பிடிக்கும். அதன்பின் வரும் கூட்டுப்புழுப் பருவமும் அப்படித்தான்: 32 முதல் 37 பாகையில் 2 முதல் 6 நாட்கள், 14 பாகையை ஒட்டிய குளிரில் 17 முதல் 27 நாட்கள். எல்லாம் சாதகமாக அமைந்தால் முட்டையிலிருந்து சிறகு முளைத்த ஈ வரையான முழுச் சுற்றும் 7 முதல் 10 நாட்களில் முடிந்துவிடும். ஆகவே வெயில் காலத்தில் ஏழு நாட்களுக்குமேல் ஓரிடத்தில் கிடக்கும் ஈரக் குப்பையை ஒரு ஈப் பண்ணை என்றே கொள்ள வேண்டும்.

கால அளவைப் போலவே முக்கியமான இன்னொரு செய்தி இருக்கிறது. விதி எழுதுவோர் பலர் கோட்டைவிடும் இடமும் அதுவே. வளர்ந்து முடிந்த புழு தான் தின்ற இடத்திலேயே கூட்டுப்புழுவாக மாறுவதில்லை. ஈரமும் வெப்பமும் நிறைந்த குவியலை விட்டு வெளியேறி, உலர்ந்த, குளிர்ந்த இடம் தேடி ஊர்ந்து செல்கிறது. மண் கிடைத்தால் அதற்குள் புதைகிறது. இதன் பொருள், ஆறாம் நாள் தொட்டியைக் காலி செய்யும்போது, அதில் வளர்ந்த புழுக்களில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியேறியிருக்கலாம் என்பதே. குப்பை போய்விடும், தொட்டி காலியாக நிற்கும், ஆனாலும் நான்கைந்து நாள் கழித்து ஈக்கள் மொய்க்கும். ‘ஒழுங்காகத்தான் அள்ளுகிறோம், எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை’ என்னும் வழக்கமான புலம்பலுக்கு விடை பெரும்பாலும் தொட்டியைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று அடி மண்ணில் இருக்கிறது. தொட்டியை வெறும் மண்மீது வைக்காமல் கழுவத்தக்க கெட்டித் தரைமீது வைக்க வேண்டும், அடிப்பகுதியில் ஓட்டை இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளுக்குப் பின்னால் இருப்பது இந்த ஊர்ந்து செல்லும் பழக்கமே.

இந்த உயிரியல் கணக்கு சட்ட வாசகத்தில் எவ்வளவு தெளிவாகப் பதியலாம் என்பதற்கு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1906-இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணை நல்ல எடுத்துக்காட்டு. குதிரை வண்டிகளின் காலம் அது. நகரத்து ஈக்களின் முதன்மையான பிறப்பிடம் குதிரைச் சாணம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பூச்சியியல் பிரிவுத் தலைவராக இருந்த லேலண்ட் ஹோவர்ட் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த கருத்துகளோடு ஒத்துப்போன அந்த ஆணை, கால்நடை நிற்கும் இடத்தின் தரை நீர் புகாததாக இருக்க வேண்டும், சாணத்துக்கென ஈ நுழைய முடியாதபடி மூடப்பட்ட தொட்டியோ குழியோ வேண்டும் என்றது. சூன் 1 முதல் அக்டோபர் 31 வரை வாரத்துக்கு இருமுறையாவதும், மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவதும் சாணத்தை அகற்ற வேண்டும் என்றும் அது விதித்தது. பருவத்துக்கேற்ப மாறும் இந்த இரட்டை அளவுதான் கவனிக்கத்தக்கது. கோடையில் புழு நான்கைந்து நாளில் வளர்ந்துவிடும் என்பதால் மூன்றரை நாளுக்கொரு முறை. குளிரில் அதற்கு வாரங்கள் தேவைப்படும் என்பதால் வாரம் ஒருமுறை போதும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை எழுதிவைக்கும் இன்றைய பல துணைவிதிகளைவிட நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய இவ்வாணை அறிவார்ந்தது என்பதே என் கருத்து.

புழுவின் ஊர்ந்து செல்லும் பழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்பிய முயற்சியும் உண்டு. 1910-களின் நடுப்பகுதியில் அதே துறையினர் ‘புழுப்பொறி’ ஒன்றைச் சோதித்தார்கள். தரைக்குச் சற்று மேலே, இடைவெளிவிட்டு அடித்த மரச்சட்டங்களாலான மேடை. அதன்மேல் சாணக் குவியல். கீழே ஆழமற்ற நீர்த்தொட்டி. குவியலை நன்றாக நனைத்து வைத்தால், முதிர்ந்த புழுக்கள் உலர்ந்த இடம் தேடிக் கீழிறங்கிச் சட்டங்களின் இடைவெளி வழியாக நீரில் விழுந்து மடியும். மருந்து எதுவும் வேண்டாம், எருவின் சத்தும் கெடாது. மோட்டார் வண்டி வந்து குதிரைகளை நகரத்திலிருந்து அகற்றிவிட்டதால் இந்தக் கருவிக்கான தேவை மங்கியது. ஆனால் பெரிய கால்நடைக் கொட்டில்களுக்கான விதிகளை எழுதுவோர் இதன் அடிப்படைக் கருத்தை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மூடி பற்றிய விதியைப் பொதுமக்கள் அதிகமாக மதிக்கிறார்கள். அதன் எல்லையை அவ்வளவாக உணர்வதில்லை. மூடி தாய் ஈ உள்ளே நுழைவதைத் தடுக்கும். ஆனால் சமையலறை மேடையில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்த இறைச்சித் துண்டிலோ, பழத்தோலிலோ முட்டை ஏற்கெனவே இடப்பட்டிருந்தால், மூடிய தொட்டி அதற்கு வெதுவெதுப்பான, ஈரமான, பகைவரற்ற வளர்ப்பிடமாகவே அமையும். இதனால்தான் நல்ல விதிகள் மூடியோடு நின்றுவிடாமல், கழிவின் நீரை வடிக்கச் சொல்கின்றன, தாளில் சுற்றச் சொல்கின்றன, தொட்டியைக் கழுவி உலர்த்தச் சொல்கின்றன. புழுவுக்கு ஈரம் இன்றியமையாதது. நன்கு உலர்ந்த கழிவில் அது வளர்வதில்லை. கழுவும் கட்டளையை மட்டும் ஏறத்தாழ யாரும் பின்பற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டியின் அடியில் விரலளவு தடிமனில் ஒட்டியிருக்கும் பிசினைச் சுரண்டிக் கழுவாதவரை, காலி செய்த தொட்டியிலும் ஈக்குத் தேவையானது மிச்சமிருக்கும்.

குப்பைக் கிடங்குக்கு வந்தால் இதே கணக்கு மண்ணின் தடிமனாக உருமாறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரெஸ்னோ நகரில் 1937-இல் தொடங்கிய கிடங்கில், ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர் குப்பையை நீள்குழிகளில் கொட்டி, அழுத்தி, நாள்தோறும் மண்ணால் மூடும் முறையைக் கையாண்டார். பின்னர் உலகின் பல நாடுகளும் பின்பற்றிய முறை இது. அமெரிக்கக் கூட்டரசின் கிடங்கு விதிகள் ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் குறைந்தது 6 அங்குல மண் போர்வையைக் கோருகின்றன. நோய் பரப்பும் உயிரிகள், தீ, நாற்றம், பறக்கும் குப்பை, கிளறித் தின்னும் விலங்குகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. இங்கே ‘அழுத்துதல்’ என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. கூட்டிலிருந்து வெளிவரும் இளம் ஈயின் நெற்றியில் ஒரு பை உண்டு. அதை ஊதிப் பெருக்கிக் கூட்டை உடைக்கும், பிறகு அதே பையை உப்பவைத்தும் சுருக்கியும் மண் துகள்களை விலக்கிக்கொண்டு மேலே ஏறும். தூவிவிட்ட தளர்வான மண் அதற்குத் தடையே அன்று. இயந்திரம் ஏறி இறுக்கிய மண்தான் தடை. மண் போட்டோம் என்று பதிவேட்டில் எழுதிய கிடங்குகளிலும் ஈ குறையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மக்கும் குப்பையை உரமாக்கும் இடங்களிலும் இதே நுணுக்கம் உண்டு. நன்கு மக்கும் உரக்குவியலின் நடுப்பகுதி புழுக்கள் தாங்க முடியாத அளவுக்குச் சூடேறும். அவை குளிர்ந்த வெளிவிளிம்புக்கு நகர்ந்துவிடும். குவியலைக் குறித்த நாட்களில் புரட்ட வேண்டும் என்ற விதி காற்றோட்டத்துக்கு மட்டுமானது என்று கருதப்படுகிறது. விளிம்பிலிருப்பதை நடுவுக்குத் தள்ளிப் புழுவைச் சூட்டில் கொல்வதும் அதன் பயன்.

இவ்வளவு வேலைக்குப் பதிலாக மருந்தடித்துவிடலாமே என்ற எண்ணம் ஒவ்வொரு தலைமுறை நிருவாகிகளுக்கும் வந்துபோகிறது. புகை கக்கும் வண்டி தெருவில் போவது எல்லார் கண்ணிலும் படும். தொட்டியடி கழுவப்பட்டது யார் கண்ணிலும் படாது. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லி ஆற்றலை 1939-இல் பால் முல்லர் கண்டறிந்தார்; அதற்காக 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் பரிசு கைக்கு வருவதற்குள்ளேயே, 1946-47 அளவில், சுவீடனிலும் இத்தாலியிலும் அந்த மருந்துக்கு மசியாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. பத்து நாளுக்கொரு தலைமுறை என்று பெருகும் உயிரினத்தில், மருந்துக்குத் தப்பிய சில ஈக்களின் வழித்தோன்றல்கள் ஒரே பருவத்தில் அந்த வட்டாரத்தையே நிரப்பிவிட முடியும். அதன்பின் வந்த மருந்து வகைகள் பலவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே மருந்தைத் துணைக்கருவியாக மட்டும் குறிப்பிட்டு, பிறப்பிடத்தை அகற்றுவதை முதற்கடமையாக வைக்கும் துணைவிதியே காலத்துக்கு நிற்கும். இன்ன மருந்தை இன்ன அளவில் அடிக்க வேண்டும் என்று துணைவிதிக்குள்ளேயே எழுதிவைப்பது, சில ஆண்டுகளில் பயனற்றுப் போகப்போவதைச் சட்டமாக்குவதாகும்.

ஈக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது என்ற கேள்வி நியாயமானது. அபராதம் விதிக்கும் எந்த விதிக்கும் அந்த அடித்தளம் வேண்டும். 1898-இல் ஸ்பெயினுடனான போரின்போது அமெரிக்கப் படைமுகாம்களில் டைபாய்டு காய்ச்சல் 20,738 பேரைத் தாக்கி 1,590 பேரைக் கொன்றது. அதை ஆராய வால்டர் ரீட், விக்டர் வான், எட்வர்டு ஷேக்ஸ்பியர் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமர்த்தப்பட்டது. கழிப்பிடக் குழிகளில் சுண்ணாம்பு தூவியிருந்த முகாம்களில், கால்களில் வெண்சுண்ணாம்பு ஒட்டிய ஈக்கள் உணவுக் கூடாரத்துச் சாப்பாட்டின்மேல் நடந்து போனதை அக்குழு பதிவு செய்தது. குழியிலிருந்து தட்டு வரை ஈ எடுத்துக்கொண்ட பாதை அப்படியே வெள்ளையில் வரைந்து காட்டப்பட்டதுபோல அமைந்துவிட்டது. எனினும் அதே குழு, ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாகத் தொற்றியதற்கும் பெரிய பங்கு உண்டு என்று சொன்னது. ஈ ஒரு வழி மட்டுமே, எல்லா வழிகளும் ஆகாது.

இன்னும் கறாரான சான்றுகள் பின்னாளில் கிடைத்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹிடால்கோ வட்டத்தில் சில ஊர்களில் ஈக்களை மருந்தால் ஒடுக்கியும் சில ஊர்களை அப்படியே விட்டும் பார்த்து, பிறகு இரண்டையும் இடம் மாற்றிச் சோதித்த ஆய்வு 1948-இல் வெளிவந்தது. ஈ குறைந்த இடங்களில் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாத் தொற்றும் குறைந்தது; இடம் மாற்றியபோது நிலைமையும் மாறியது. இஸ்ரேலியப் படைமுகாம்களில் இரைவைத்த பொறிகளால் ஈக்களைத் தீவிரமாகப் பிடித்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. அதில் வயிற்றுப்போக்குக்காக மருத்துவரிடம் வந்தோர் எண்ணிக்கை 42 விழுக்காடும், ஷிகெல்லா நோய் 85 விழுக்காடும் குறைந்திருந்தன. ஷிகெல்லா மிகச் சில கிருமிகளாலேயே நோயை உண்டாக்க வல்லது என்பதால், ஈயின் காலில் ஒட்டி வரும் சிறு அளவே அதற்குப் போதுமானது. அதிக எண்ணிக்கையில் கிருமி தேவைப்படும் நோய்களுக்கு இதே விளைவை எதிர்பார்க்க முடியாது. குழாய் நீரும் கைகழுவலும் சரியில்லாத இடத்தில் ஈயை மட்டும் விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் அறிக்கைகளை நம்ப வேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கம் வந்தால், பெரும்பாலான நாடுகளில் அடிப்படைக் கருத்து ‘பொதுத் தொல்லை’ என்பதே. இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், உடல்நலத்துக்குக் கேடான அல்லது தொல்லையான எந்தக் குவியலையும் தொல்லைகளின் பட்டியலில் சேர்த்தது. உள்ளாட்சி முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் அகற்றாவிட்டால் வழக்குத் தொடரலாம் என்ற நடைமுறை அங்கிருந்து பல நாட்டுச் சட்டங்களுக்கும் போயிற்று. ஆனால் அச்சட்டம் குவியலைத்தான் பிடித்தது, ஈயைப் பிடிக்கவில்லை. குவியல் இன்னதென்று சுட்டிக்காட்ட முடியாமல், ஒரு தொழிற்கூடத்திலிருந்து ஈக்கள் மட்டும் கூட்டங்கூட்டமாக வெளிவந்து அக்கம்பக்கத்தாரை வாட்டினால் என்ன செய்வது என்பதில் நெடுநாள் தெளிவில்லை. 2005-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின் மூலம், தொழில் அல்லது வணிக வளாகத்திலிருந்து வெளிவரும் பூச்சிகளே தொல்லையாகக் கருதப்படலாம் என்ற பிரிவு அந்நாட்டின் 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. விளைநிலங்களுக்கும், பாதுகாக்கப்பட்ட பூச்சியினங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ‘நடைமுறையில் இயன்ற சிறந்த வழிகளையெல்லாம் கையாண்டேன்’ என்று நிறுவும் தொழில் உரிமையாளருக்குத் தற்காப்பும் தரப்பட்டது. அந்தத் தற்காப்பு தளர்வானது என்று குறை சொல்வோர் உண்டு. ஈயை அடியோடு ஒழிப்பது யாராலும் ஆகாத செயல் என்பதால், அது இல்லாத சட்டம் நீதிமன்றத்தில் நிற்காது.

எத்தனை ஈ இருந்தால் தொல்லை என்ற கேள்வி அற்பமாகத் தோன்றும், வழக்கு வரும்வரை. பறக்கும் ஒன்றை எப்படி எண்ணுவது? ஹார்வி ஸ்கட்டர் என்பவர் 1947-இல் அறிமுகப்படுத்திய மரச்சட்டப் பலகை இதற்கு எளிய விடையாக இன்றும் பயன்படுகிறது. இணையாக அடித்த மெல்லிய மரச்சட்டங்களாலான ஒரு தட்டி அது. விளிம்புகளில் அமர விரும்புவது ஈயின் இயல்பு. எனவே தட்டியை ஈக்கள் கூடியிருக்கும் இடத்தில் வைத்து, முப்பது விநாடிகளில் எத்தனை வந்து அமர்கின்றன என்று எண்ணுகிறார்கள். பல தடவை எண்ணி, உயர்ந்த எண்ணிக்கைகளின் சராசரியைக் குறித்துக்கொள்கிறார்கள். உள்ளரங்குகளில் வெள்ளை அட்டைகளைத் தொங்கவிட்டு, ஈக்கள் கக்கியும் கழித்தும் விட்ட புள்ளிகளை எண்ணும் வழக்கமும் உண்டு. திடப்பொருளை ஈயால் தின்ன முடியாது, எச்சிலைக் கக்கிக் கரைத்தே உறிஞ்ச முடியும் என்பதால் அந்தப் புள்ளிகளுக்குக் குறைவிராது. இத்தகைய எண் எதையும் இணைக்காமல் ‘ஈ அதிகம்’ என்று மட்டும் எழுதிய அறிக்கை முதல் விசாரணையிலேயே கலைந்துவிடும்.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் துணைவிதிகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. பாரிசு நகர நிருவாகியாக இருந்த யூஜின் புபெல் 1883 நவம்பரில் பிறப்பித்த ஆணை, கட்டட உரிமையாளர்கள் குடியிருப்போருக்கு மூடியுள்ள குப்பைக்கலங்களைத் தர வேண்டும் என்றது. அழுகும் கழிவு, தாளும் துணியும், கண்ணாடியும் பீங்கானும் சிப்பி ஓடுகளும் என மூன்றாகப் பிரிக்கவும் சொன்னது. தரம் பிரித்தல் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்போர் கவனிக்க வேண்டிய ஆண்டு அது. செலவு தங்கள் தலையில் விழுந்ததால் உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். தெருக்குப்பையைக் கிளறிப் பிழைத்துவந்தோர் பிழைப்புப் போகிறதென்று எதிர்த்தார்கள். எரிச்சலில் கலத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயர்தான். அந்த ஆணையில் கலம் வைப்பவர், போடுபவர், அள்ளுபவர் என மூவருக்கும் தனித்தனி வேலை இருந்தது. குடியிருப்பவருக்கு மட்டும் நீண்ட கடமைப் பட்டியலும், அள்ள வேண்டிய அமைப்புக்குப் ‘போதிய கால இடைவெளியில்’ என்ற மழுப்பலும் எழுதும் துணைவிதி, தவறும் நாளில் யாரையும் கேள்வி கேட்க இடம் தராது.

அண்மைக் காலத்தில் இந்தக் கணக்குக்குப் புதிய சோதனை வந்திருக்கிறது. மறுசுழற்சியை ஊக்குவிக்கவும் செலவைக் குறைக்கவும் இங்கிலாந்தின் பல உள்ளாட்சிகள் பொதுக்குப்பையை இரு வாரங்களுக்கு ஒருமுறை அள்ளும் முறைக்கு மாறின. பதினான்கு நாள் என்பது கோடையில் ஈயின் ஒரு முழுச் சுற்றைவிட நீளம். புழு நெளியும் தொட்டிகளைப் பற்றிய புகார்கள் எழுந்ததில் வியப்பில்லை. ஈ உணவுக் கழிவைத்தான் நாடுகிறது என்பதால், அதைத் தனியாகப் பிரித்துச் சிறு மூடுகலத்தில் வாரந்தோறும் எடுத்துவிட்டால், மற்றவை இரு வாரம் கிடந்தாலும் பெரிய கேடில்லை என்பது இதற்குக் கிடைத்த விடை. வீடுகளின் உணவுக் கழிவை 2026 மார்ச் 31-க்குள் வாரந்தோறும் தனியே அள்ளத் தொடங்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசு விதித்தது. பிரிப்பதில் வீட்டார் தவறினால் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் காணும் என்பதையும் மறுக்க முடியாது.

‘வாரம் ஒருமுறை’ என்ற சொல்லிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசின் சேகரிப்பு வழிகாட்டல், உணவுக் கழிவு கலந்த குப்பையை ஒவ்வொரு வாரத்திலும் குறைந்தது ஒருமுறை அள்ள வேண்டும் என்கிறது. கலிபோர்னியா மாநில விதியோ, அழுகும் கழிவு வளாகத்தில் ஏழு நாட்களுக்குமேல் இருக்கக் கூடாது என்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. இந்த வாரம் திங்கட்கிழமையும் அடுத்த வாரம் சனிக்கிழமையும் அள்ளினால் முதல் வாசகம் மீறப்படவில்லை. இடையில் பன்னிரண்டு நாட்கள் ஓடியிருக்கும், முதல் வாரச் செவ்வாய்க்கிழமை இடப்பட்ட முட்டைகள் அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் ஈக்களாகிச் சிறகடித்துப் போயிருக்கும். விடுமுறையோ வேலைநிறுத்தமோ வண்டிப் பழுதோ வந்தால் நடப்பது இதுதான். ஆகவே துணைவிதியின் வரைவைப் படிக்கும் உள்ளாட்சி மன்ற உறுப்பினர் முதலில் தேட வேண்டியது, இரு அள்ளல்களுக்கு இடையே கழியக்கூடிய நாட்களின் உச்ச அளவு அதில் எழுதப்பட்டிருக்கிறதா, ஒரு நாள் தவறினால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வண்டி வர வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.